சுவரில் விழும் கோடு

"லைட்டே பத்தலைங்க" என்று பழைய கார் வைத்திருப்பவர் உதிரிபாகக் கடையில் சொன்னதும், கடைக்காரர் அதிக வாட் உள்ள பல்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். இரண்டு பேருக்கும் திருப்திதான். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் குறை வெளிச்சத்தின் அளவில் இருப்பதில்லை, திசையில் இருக்கிறது. 15, 20 வருடம் ஓடிய வண்டியின் முகப்பு விளக்குகளில் ஒன்று சாலையோரப் புளியமரத்தின் கிளைகளுக்கு வெளிச்சம் போடும். இன்னொன்று பம்பருக்கு முன்னால் பத்தடி தூரத்தைச் சுடச்சுடக் காய்ச்சிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு சுவர், ஒரு அளவு டேப், ஒரு திருப்புளி இருந்தால் போதும். மெக்கானிக்குகள் இதை "போகஸ் பார்ப்பது" என்பார்கள். குவியம் என்று பள்ளியில் படித்த அதே போகஸ்தான் இங்கே வேலை செய்கிறது, ஆனால் சற்றுக் குறும்பாக.

மாருதி 800-இன் விளக்கை எடுத்துக்கொள்வோம். 1983 இறுதியில் வரத் தொடங்கி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. இன்னும் எத்தனையோ வீட்டு வாசல்களில் நிற்கிறது. அதன் கண்ணாடி டூமுக்குள் இருப்பது எச்-4 என்ற ஹாலஜன் பல்பு. 1971-இல் ஐரோப்பாவில் அறிமுகமாகி உலகம் முழுக்கப் பரவிய வகை. உள்ளே இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட்.

பிரைட் இழை பரவளைய ஆடியின் குவியத்தில் இருக்கிறது. குவியத்திலிருந்து கிளம்பும் கதிர்கள் ஆடியில் பட்டு இணைகதிர்களாக வெளியேறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பிரைட் வெளிச்சம் நேரே நெடுந்தூரம் போவது அதனால்தான். டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று, காற்றில் அலையும் சுடருக்குக் கீழே உள்ளங்கையைக் குவித்ததுபோல. இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியைக் கிண்ணம் மறித்துவிடுவதால் ஆடியின் மேல்பாதிக்கு மட்டுமே வெளிச்சம் போகிறது. குவியத்துக்கு முன்னால் இருக்கும் புள்ளியிலிருந்து வந்து மேல்பாதியில் படும் கதிர் நேரே போகாது, கீழே சாயும். கிண்ணம் இல்லாவிட்டால் ஆடியின் கீழ்பாதியில் படுபவை அதே காரணத்தால் மேலே எழும்பி எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும்.

ஆக, டிம் வெளிச்சத்தின் முக்கியமான பகுதி வெளிச்சம் விழாத இடம்தான். அந்த வண்டியை ஒரு வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். கீழே பளீரென்றும் மேலே மங்கலாகவும் சுவர் இரண்டாகப் பிரிந்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பு போட்ட கோடு அது. வலப்பக்கம் படுக்கையாக ஓடிவரும் கோடு, நடுவில் ஒரு முழங்கைபோல் மடங்கி, இடப்பக்கம் சுமார் 15 டிகிரி சாய்வில் மேலே ஏறும். வலப்பக்கம் எதிரே வருபவருடையது. அங்கே கோடு ஏறக்கூடாது. இடப்பக்கம் நமது சாலையோரம். நடந்து போகிறவரும் விளக்கில்லாத சைக்கிளும் மைல்கல்லும் அங்கேதான். ஐரோப்பாவில் 1957 வாக்கில் இந்தச் சமச்சீரற்ற டிம் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு, 1925-இல் ஓஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த பைலக்ஸ் என்ற இரட்டை இழை பல்பு முதல், கோடு இருபுறமும் ஒரே மட்டத்தில்தான் ஓடியது. வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் இதன் கண்ணாடிப் பிம்பம் வேண்டும். காரோடு கடல் கடந்து பிரான்சுக்குப் போகும் லண்டன்வாசிகள் விளக்கின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போவது இதற்காகத்தான்.

இந்தக் கோடு எங்கே விழவேண்டும்? பொதுவாகக் கார்களுக்குச் சொல்லப்படும் அளவு 1 முதல் 1.5 சதவீதச் சரிவு. 1 சதவீதம் என்றால் ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம். கோணமாகச் சொன்னால் 0.57 டிகிரி. விளக்கின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 சதவீதச் சரிவில் அந்தக் கோடு 65 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும். 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 32 மீட்டரிலேயே முடிந்துவிடும். அரை சதவீதத்துக்கு ஏறினால் 130 மீட்டர். பூஜ்யத்தில் சாலையைத் தொடவே தொடாது.

இந்தத் தூரங்களை வேகத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஓட்டுநர் ஒரு தடையைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்றும், காய்ந்த சாலையில் வண்டியின் வேகம் விநாடிக்கு 6 மீட்டர்/விநாடி வீதம் குறைகிறது என்றும் கொள்வோம். 70 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறக்குறைய 61 மீட்டர் வேண்டும்; 45 கி.மீ. வேகத்தில் 32 மீட்டர். ஆக 1 சதவீதத்தில் இருக்கும் டிம் 70 கி.மீ. வேகத்துக்கான வெளிச்சம், 2 சதவீதத்துக்குத் தொங்கிப்போன டிம் 45 கி.மீ. வேகத்துக்கானது. அரை டிகிரிக்கும் சற்றே கூடுதலான வித்தியாசம் இவ்வளவு செய்துவிடுகிறது. தொங்கிய விளக்குக்கு 100 வாட் பல்பு போட்டாலும் அந்த 32 மீட்டர் நீளாது. அதே இடம் இன்னும் பளீரென்று ஆகும். கண் அந்தப் பளீருக்குப் பழகிவிடுவதால் அதற்கு அப்பால் உள்ள இருட்டு இன்னும் கெட்டியாகும்.

விளக்கு மேலே போய்விட்டால் சேதாரம் எதிரே வருபவருக்கு. எச்-4 விளக்குகளுக்கான ஐரோப்பிய விதிமுறை, 25 மீட்டர் தள்ளி வைத்த திரையில் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணைக் குறிக்கும் புள்ளியில் 0.4 லக்ஸுக்கு மேல் விழக்கூடாது என்கிறது. சாலையோரத்தைக் குறிக்கும் புள்ளியிலோ குறைந்தது 12 லக்ஸ் விழவேண்டும். இரண்டுக்கும் நடுவே 30 மடங்கு. ஆனால் உயரத்தில் அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம்தான். விளக்கு அந்த அளவு மேலே தூக்கினால் சாலைக்குப் போகவேண்டிய பங்கு ஆளின் கண்ணுக்குப் போகிறது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதும் கணக்குக்கு உட்பட்டதே. வெளிச்சம் விழித்திரையில் ஒரே புள்ளியில் அடங்கிவிடுவதில்லை. கருவிழியிலும் லென்ஸிலும் கொஞ்சம் சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெண்திரையாகப் படர்கிறது. அதற்குப் பின்னால் மங்கலான பொருள்கள் மறைந்துபோகின்றன. திரையின் அடர்த்தி, கண்ணில் விழும் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்திலும், பார்வைக்கோட்டிலிருந்து விளக்கு விலகியிருக்கும் கோணத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்று 1920-களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கோணம் பாதியானால் திரை நான்கு மடங்கு அடர்த்தி. நடுவில் தடுப்புச்சுவர் இல்லாத இருவழிச் சாலையில் கூச்சம் அதிகமாக இருப்பது இதனால்தான். எதிர் வண்டி நம் பார்வைக்கோட்டை ஒட்டியே வருகிறது. வயது ஏற ஏற லென்ஸ் கலங்குவதால் அதே விளக்கு மகனைவிட அப்பாவை அதிகம் கூசவைக்கும். இரவில் வண்டி எடுக்கத் தயங்கும் பெரியவர்கள் சாக்குச் சொல்லவில்லை.

இனி வேலைக்கு வருவோம். டயர்களில் சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல், டிக்கியில் வழக்கமாக இருக்கும் ஸ்டெப்னியும் ஜாக்கியும், ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள். ஆள் இல்லையென்றால் அவர் எடைக்கு அரிசி மூட்டை. முன்னும் பின்னும் வண்டியை இரண்டு தடவை அமுக்கி விட்டால் ஸ்பிரிங் தன் இயல்பான நிலைக்கு வந்து நிற்கும்.

தரைதான் பெரிய சிக்கல். நம் வீட்டு போர்டிகோக்களில் மழைத்தண்ணீர் வாசலுக்கு ஓடவேண்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். சாதாரணமாக அது நூற்றுக்கு ஒன்று, அதாவது நாம் அளக்கப்போகும் அதே 1 சதவீதம்! இதைக் கண்டு பயப்படவேண்டியதில்லை. கார் நிற்கும் இடமும் சுவரடியும் ஒரே வாட்டத்தில் இருந்தால், காரும் சரிகிறது, அளவும் தரையிலிருந்தே எடுக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கெடுப்பது நடுவில் முறியும் தரை. கார் போர்டிகோவில், சுவர் தெருவுக்கு அந்தப் பக்கம் என்றால் கணக்கு தப்பும். சந்தேகம் வந்தால் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை முன் டயர், பின் டயர், சுவரடி என்று மூன்று இடத்திலும் பிடித்துப் பார்த்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் தரையும் சுவரும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும்.

வண்டியைச் சுவரை முட்டுகிற அளவுக்கு நேராகக் கொண்டுபோய், ஒவ்வொரு விளக்கின் மையத்துக்கும் நேரே சுவரில் ஒரு சிலுவைக்குறி போடுங்கள். பிறகு அதே கோட்டில் பின்னால் எடுத்து, விளக்குக்கும் சுவருக்கும் இடையே சரியாக 5 மீட்டர் வரும்படி நிறுத்துங்கள். 1 சதவீதம் என்றால் குறிகளுக்கு 5 செ.மீ. கீழே ஒரு படுக்கைக்கோடு. இதற்கு எல்லோரும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத்தான் ஒட்டுவார்கள். அந்த டேப்பின் அகலமே முக்கால் அங்குலம், ஏறக்குறைய 2 செ.மீ. 5 மீட்டரில் அது 0.4 சதவீதம் ஆகிவிடும். டேப்பின் மேல்விளிம்பா கீழ்விளிம்பா என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், வேலை முடிந்தபின் வெளிச்சம் 65 மீட்டரில் நிற்கிறதா 46 மீட்டரில் நிற்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. இடம் இருந்தால் 10 மீட்டருக்குப் போவது மேல், பிழை பாதியாகிவிடும்.

பொழுது சாய்ந்தபின் டிம் போடுங்கள். ஒரு விளக்கை அட்டை வைத்து மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். துணியைக் கண்ணாடிமேல் போர்த்தவேண்டாம், கண்ணாடி நன்றாகவே சூடாகும். திருகைத் தொடுமுன் பல்பு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எச்-4 பல்பின் கழுத்தில் மூன்று காதுகள் உண்டு, ஒன்று மட்டும் அகலம். ஒரே ஒரு விதத்தில்தான் சரியாக அமரும். அவசரத்தில் கோணலாகச் செருகி கம்பிக் கொக்கியை மாட்டிவிட்டால் சுவரில் கோடே சாய்ந்து தெரியும். அதை எந்தத் திருகாலும் நிமிர்த்த முடியாது. பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் குவார்ட்ஸ்மேல் கருகி அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி, பல்பு காலத்துக்கு முன்பே போய்விடும்.

விளக்குக் கூட்டின் பின்னாலோ விளிம்பிலோ இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று மேல்கீழ், இன்னொன்று இடவலம். அம்பாசடர்போல் உருண்டை விளக்குள்ள வண்டிகளில் வெளி வளையத்தைக் கழற்றினால்தான் தெரியும். அங்கே விளக்கைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைத் தவறுதலாகக் கழற்றிவிடாதீர்கள். ஆடிக்கூடு மூன்று புள்ளிகளில் நிற்கிறது: ஒன்று அசையாத குமிழ், மற்ற இரண்டும் இந்தத் திருகுகள். திருகின் புரி இடைவெளி 1 மி.மீ., குமிழிலிருந்து அதன் தூரம் 10 செ.மீ. என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு ஆடி நூற்றில் ஒரு பங்கு சாயும். அதாவது அதே 1 சதவீதம். சுவரில் 5 செ.மீ. ஆடியை ஒரு டிகிரி திருப்பினால் எதிரொளித்த கதிர் இரண்டு டிகிரி திரும்புமே என்று பள்ளிப் பாடம் நினைவுள்ளவர்கள் கேட்கலாம். அங்கே விளக்கு அசையாமல் ஆடி மட்டும் திரும்பும். இங்கே பல்பும் ஆடியோடு சேர்ந்து திரும்புவதால் ஒன்றுக்கு ஒன்றுதான்.

கால் சுற்று திருப்புங்கள், சுவரைப் பாருங்கள். கோடு ஒரு விரற்கடைக்கும் குறைவாக நகர்ந்திருக்கும். படுக்கைக்கோடு டேப்பின் மேல் வந்து உட்காரவும், மடங்கும் முழங்கை சிலுவைக்குறியின் நேர்கீழே நிற்கவும் வேண்டும். ஒன்றைத் திருப்பும்போது மற்றது கொஞ்சம் கலையும். மாறி மாறி இரண்டு மூன்று தடவை செய்யவேண்டிவரும். கடைசித் திருப்பு எப்போதும் இறுக்கும் பக்கமாக முடியட்டும், இல்லாவிட்டால் புரியில் இருக்கும் தொய்வு முதல் பள்ளத்திலேயே விளக்கை இறக்கிவிடும். துருப்பிடித்த திருகுக்குப் பலம் காட்டாமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருக்கலாம். திருகு சுற்றுகிறது, கோடு மட்டும் அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் நைலான் நட்டு வெடித்துப்போயிருக்கிறது என்று பொருள். வெயிலில் நின்ற வண்டிகளில் இது சகஜம்.

கோடு சரியாக வந்தும் வெளிச்சம் மங்கலாக இருந்தால் அது வேறு நோய். ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆவது அடுக்கைப் பொறுத்தது. பல்புக்கு 13.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் பழைய ஒயரும் பச்சை பூத்த எர்த் முனையும் வழியில் ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிட்டால், ஒளி மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். இதற்கு மருந்து எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும், பேட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த ஒயர் இழுப்பதும்தான். 100/90 வாட் பல்பு போட்டால் அதே பழைய ஒயரில் மின்னோட்டம் 1.6 மடங்காகி, சூடு இரண்டரை மடங்கைத் தாண்டும், சுவிட்சு உருகும். எச்-4 கூட்டுக்குள் செருகும் மலிவான எல்.இ.டி. பல்புகள் இன்னும் மோசம். இழை இருந்த இடத்தில் இழை அளவுக்கு ஒளிமூலம் இல்லாவிட்டால் ஆடிக்கும் கிண்ணத்துக்கும் வேலையே இல்லை. கோடு கலைந்து வெளிச்சம் நாலாபுறமும் இறைபடும்.

விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். எதிரே வருபவருக்குக் கூசக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்வது. ஆனால் எச்-4 விளக்கின் டிம் முழுவதும் ஆடியின் மேல்பாதியிலிருந்துதான் வருகிறது. மேல்பாதியை மறைத்தால் டிம் ஏறக்குறைய செத்துவிடும். பிரைட்டில் பாதி மிஞ்சும். இருட்டில் தவிக்கும் ஓட்டுநர் அப்புறம் எதைப் போட்டுக்கொண்டு போவார்? நடுவில் வட்டமாக ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் இந்த அளவு கெடுதல் இல்லை, உபயோகமும் இல்லை. அது ஒளியின் அளவைக் கொஞ்சம் குறைக்கும், திசையைத் தொடாது.

சட்டம் திசையைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது என்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 65 செ.மீ. உயர விளக்கு வானத்தைப் பார்த்து 6 டிகிரி தூக்கினால்தான் அதன் கோடு அந்தக் கண்ணை எட்டும். கால்வாசி டிகிரி தூக்கினாலே 100 மீட்டர் தள்ளி வருகிறவர் திட்டத் தொடங்கிவிடுவார். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும் காரை இந்த ஒரு விதியை மட்டும் வைத்துச் சோதித்தால் போகஸ் கெட்ட வண்டிகள் எல்லாமே தேறிவிடும்.

எல்லாம் முடிந்தபின் வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பின் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, சுவரைத் திரும்பப் பாருங்கள். கோடு ஏறும். மாருதி 800-இன் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.175 மீட்டர். பின்பக்கம் 3 செ.மீ. தணிந்தால் வண்டி 1.4 சதவீதம் அண்ணாந்துவிடும். நாம் வைத்த 1 சதவீதம் தீர்ந்து, அதற்கு மேலும் 0.4 தூக்கி நிற்கும். பிரெஞ்சுக் கிராமத்துச் சாலைகளுக்காக 1948-இல் வந்த சிட்ரோன் 2சிவி மெத்தைபோல் அமுங்கும் வண்டி. இதனாலேயே அதில் உள்ளிருந்தபடி விளக்கை ஏற்றி இறக்க ஒரு குமிழ் வைத்திருந்தார்கள். இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சின்னச் சக்கரம் இருப்பதும் அதற்கே. பலர் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

அந்தச் சக்கரம் இல்லாத பழைய வண்டியில் ஆளைப் பொறுத்து முடிவெடுக்கவேண்டும். பெரும்பாலும் ஒருவர் ஓட்டும் வண்டிக்கு 1 சதவீதம் சரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பத்தையும் பலகாரத் தூக்குகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் வண்டிக்கு 1.5-ஐயே வைத்துவிடுவேன், 5 மீட்டரில் ஏழரை சென்டிமீட்டர். பின் இருக்கை நிறைந்தால் கோடு ஏறக்குறைய படுக்கையாகும், எதிரே வருபவர் கண்வரை போகாது. தனியாக ஓட்டும் இரவில் டிம்மில் 43 மீட்டர், அதாவது 55 கி.மீ. வேகத்துக்கான வெளிச்சம் கிடைக்கும். பிரைட்டுக்குத் தனியாக எதுவும் செய்யவேண்டாம்; ஒரே ஆடி, ஒரே கூடு என்பதால் டிம் சரியானபோதே அதுவும் தன் இடத்துக்கு வந்திருக்கும். டேப்பை உரிப்பதற்குள் கோட்டின் இரு முனைகளிலும் பென்சிலால் ஒரு குறி போட்டுவைத்தால், அடுத்த பல்பு மாற்றும்போது அளக்கிற வேலை மிச்சம்.